மணமகளின் அண்ணன், மணமகனின் சார்பாக

நோட்டரிச் சான்றிதழ் வாங்கிய புதியவர்களுக்கு ஏதாவது பேசுங்கள் என்று வக்கீல் சங்கத்தில் கூப்பிட்டார்கள். எனக்குப் பேச வராது, கத்தத்தான் வரும், எழுதித் தருகிறேன் என்றேன். அதனால் இது. படிக்கிறவர்கள் படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் ஒரு கேள்வி. முத்திரை செய்யக் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருப்பீர்கள். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே முத்திரைக் கடைக்கு ஓடாத வக்கீலை நான் பார்த்ததில்லை. ஓடுவதில் தப்பில்லை. அந்த முத்திரையை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதுதான் விஷயம். என் காலத்தில் எனக்கு எதிர்ச் சாரியில் ஒரு நோட்டரி இருந்தார். அவர் முத்திரை கீழே ஜெராக்ஸ் கடையில் இருக்கும். அவர் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. வேலை மட்டும் நிற்காமல் நடக்கும்.

நான் ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள். வாடகை ஒப்பந்தம், பெயரில் எழுத்துப் பிழை, தொலைந்துபோன மார்க் ஷீட், நிலம் விற்கிறவர்களின் பவர் பத்திரம், இவைதான் வரும். பவர் பத்திரத்தோடு புரோக்கர் வருவார். பார்ட்டி வராது.

"பார்ட்டி கார்ல உக்காந்துகினு கீறாரு மேடம். கால்ல அடி. மாடி ஏற முடியாது."

"சரி, நான் எறங்கி வரேன்."

"நீங்க இன்னாத்துக்கு மேடம் சிரமப்பட்டுகினு?"

நான் இறங்கிப் போவேன். பெரும்பாலும் காரில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒருமுறை நான் படி இறங்குவதைப் பார்த்ததும் காரே கிளம்பிப் போய்விட்டது. புரோக்கர் மட்டும் என் பக்கத்தில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்குத் திரும்பிப் போக ஷேர் ஆட்டோவும் கிடைக்கவில்லை.

அதைவிட எனக்கு எரிச்சல் கொடுத்தவர்கள் ஜோடிகள். ஹாஸ்டலில் இருந்தும் வாடகை அறைகளில் இருந்தும் கிளம்பி, ஷிஃப்ட் முடிந்த கையோடு மாலையும் கையுமாக மாடி ஏறி வருவார்கள். "மேடம், நோட்டரி கல்யாணம் பண்ணி வைங்க." நோட்டரி கல்யாணம் என்று ஒன்று இந்த நாட்டில் கிடையாது. முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு நான் சீல் வைத்தால் அது வெறும் சீல் வைத்த தாள்தான். இதை நான் எத்தனை ஜோடிகளுக்குக் கத்திக் கத்திச் சொல்லிப் பதிவாளர் அலுவலகத்துக்குத் துரத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. என்னிடம் திட்டு வாங்கினவர்களில் சிலர் எதிர்ச் சாரிக்குப் போவார்கள். அங்கே உடனே கல்யாணம் முடிந்துவிடும். அது கல்யாணமே இல்லை என்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் தெரியவரும்.

இப்படி நான் கொதித்துக்கொண்டிருந்த 2015-இல்தான் முத்துக்குமார் வந்தான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் ஸ்பானியர்கள் நடத்திய ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருந்தான். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வாசலில் நின்றான்.

"மேடம், கல்யாணத்துக்கு நோட்டரி கையெழுத்து வேணும்."

"பொண்ணு எங்க, கீழ நிக்குதா?"

"இல்ல மேடம், ஸ்பெயின்ல."

கோபத்தில் எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. "எந்த ஏரியாவா இருந்தா எனக்கு இன்னா? நோட்டரி கல்யாணம்னு ஒண்ணு கெடையாது. எறங்கு கீழ."

"அங்க இருக்கு மேடம்."

"எங்க?"

"ஸ்பெயின்ல நோட்டரியே கல்யாணம் பண்ணி வைக்காங்க. இப்பத்தான் சட்டம் மாத்திருக்காங்க மேடம்."

உட்காரச் சொன்னேன். விஷயம் இதுதான். கம்பெனி அவனைப் பயிற்சிக்காக ஸ்பெயினில் உள்ள தலைமைத் தொழிற்சாலைக்கு அனுப்பியிருந்தது. அங்கே பக்கத்து மருந்துக் கடையில் வேலை செய்த லூசியா என்ற பெண்ணுக்கும் இவனுக்கும் பிடித்துப்போய்விட்டது. இவன் திரும்பி வந்தான். கல்யாணத்துக்குப் போக விசா கேட்டான், மறுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா படுத்த படுக்கை, அவளால் இங்கே வர முடியாது. அந்த ஊர்ச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. மணமக்களில் ஒருவர் வர முடியாவிட்டால், தனக்குப் பதிலாக நின்று சம்மதம் சொல்ல ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். மற்றவர் நேரில் இருக்க வேண்டும். நம் சட்டத்தில் இப்படி ஆள் வைத்துக் கல்யாணம் செய்ய இடமில்லை. அங்கே இருக்கிறது.

விசாரணை எல்லாம் முடிந்து கல்யாணத்துக்கு அனுமதி வந்துவிட்டது. அந்த அனுமதிக்குக் காலக்கெடு உண்டு, அது நெருங்கிக்கொண்டிருந்தது. தவறினால் எல்லாம் மறுபடி முதலில் இருந்து. மறுபடி செய்தாலும் கொடுப்பார்கள் என்று நிச்சயமில்லை. பதிலாள் பத்திரம் ஒன்றுதான் பாக்கி. அதை ஏற்கெனவே ஒருமுறை அனுப்பி, அது திரும்பி வந்திருந்தது.

"யாரு போட்டுக் கொடுத்தது?"

பையன் ஜன்னல் வழியாக எதிர்ச் சாரியைக் காட்டினான்.

"நீ அவரப் பாத்தியா?"

"இல்ல மேடம். ஜெராக்ஸ் கடைல இருந்த அண்ணன்தான் சீல் வச்சாரு."

திருப்பி அனுப்பிய ஸ்பெயின் நோட்டரி கூடவே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். சாரம் இது: கையெழுத்து இவருடையது என்று உங்கள் வக்கீல் சொல்கிறார். சரி. மனது யாருடையது என்று யார் சொல்வது? இவருக்குப் புரிகிற மொழியில் இதைப் படித்துக் காட்டியது யார்? யாரும் பக்கத்தில் இல்லாமல் இவரைத் தனியாகக் கேட்டது யார்? அதைச் செய்த நோட்டரி அதைச் செய்தேன் என்று எழுதித் தர வேண்டும்.

எனக்கு முதலில் எதிர்ச் சாரிக்காரர் மேல் கோபம் வந்தது. அப்புறம் ஸ்பெயின்காரர் மேல் வந்தது. நமக்கே பாடம் எடுக்கிறாரா? போன் போடு, நான் பேசுகிறேன் என்றேன். பையன் தன் கம்பெனியில் ஸ்பானியர்களுக்கு மொழிபெயர்க்கும் ஜெனிஃபரைக் கூட்டி வந்தான். வாலாஜாபாத்துப் பெண். சென்னையில் கால் சென்டரில் இருந்தபோது ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவள். நான் பேசுவதை அப்படியே மொழிபெயர்த்தால் சண்டை வரும் என்று முதல் நிமிஷத்திலேயே கண்டுபிடித்துவிட்ட புத்திசாலி.

அந்த நோட்டரிக்குத் தொண்டை கட்டின குரல். வயசானவர். பத்து நிமிஷத்தில் என் கோபம் போய்விட்டது. ஏன் போனது என்று சொல்கிறேன். அங்கே நோட்டரி என்றால் வக்கீல் பையில் ஒரு முத்திரை இல்லை. வருஷக்கணக்கில் படித்து, அரசாங்கம் வைக்கும் பரீட்சையில் தேறி வந்தவர். வீடு விற்றாலும், உயில் எழுதினாலும், கம்பெனி ஆரம்பித்தாலும் அவர் முன்னால் போய் உட்கார வேண்டும். அவர் விற்கிறவர் பக்கமும் இல்லை, வாங்குகிறவர் பக்கமும் இல்லை. பத்திரத்தை வாய்விட்டுப் படிப்பார். புரியாததை விளக்குவார். எதிரே இருப்பவருக்கு இது புரிகிறது, இவர் மனம் ஒப்பிச் செய்கிறார் என்று தன் கணக்கில் தீர்மானிப்பார். பிறகுதான் கையெழுத்து. அசல் அவரிடமே இருக்கும், மற்றவர்களுக்கு நகல்தான். தப்பு செய்தால் அவர் தலைதான் உருளும். நம் ஊரில் இதில் பாதி வேலையைச் சார்பதிவாளர் செய்கிறார். மீதிப் பாதியை யாரும் செய்வதில்லை.

"அவரைக் கேளு, பார்ட்டி கார்ல உக்காந்திருக்காருன்னு சொன்னா இன்னா பண்ணுவாருன்னு," என்றேன்.

ஜெனிஃபர் கேட்டாள். பதிலைக் கேட்டுச் சிரித்தாள். "கார் கிட்ட போவேன்னு சொல்றாரு மேடம்."

"நல்ல மனுஷன்."

"அவரு கேக்கறாரு, பையனுக்கு நீங்களே படிச்சுக் காட்டுவீங்களான்னு."

"நான் படிச்சா தெருவுக்கே கேக்கும்னு சொல்லு."

அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். மறுநாளே அதற்கு அனுபவித்தேன்.

மறுநாள் முத்துக்குமார் தன் அக்கா பேச்சியம்மாளோடு வந்தான். அப்பா அம்மா இல்லாத வீடு. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துத் தம்பியைப் படிக்க வைத்தவள். வெளிநாட்டுப் பெண் என்றதும் முதலில் முறைத்திருக்கிறாள். பிறகு லூசியா வீடியோவில் வந்து, சொல்லிக்கொடுத்தபடி "அக்கா, சாப்ட்டாச்சா?" என்று கேட்டதில் விழுந்துவிட்டாள். இப்போது கல்யாணத்துக்கு அவள்தான் முன்னால் நின்றாள். ஊரில் பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது.

பையனைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பதால் அக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் திரையை இழுத்து விட்டேன். கவனியுங்கள், கதவை மூடவில்லை. மின்சாரம் இல்லை, வெக்கை. திரை மட்டும்தான். ஸ்பானிஷ் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம் என்று இருந்த பத்திரத்தை ஆங்கிலத்தில் இருந்து தமிழாக்கி, என் இயல்பான குரலில் படித்தேன்.

"முத்துக்குமார் ஆகிய நான், முழு மனதோடும் சுயநினைவோடும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல்..." இந்த வரி நம் பத்திரங்களிலும் உண்டு. டைப் அடிக்கிறவர் கை தானாக அடித்துவிட்டுப் போகும் வரி. அன்றைக்குத்தான் நானும் அதை அர்த்தத்தோடு வாய்விட்டுப் படித்தேன். பையன் தலையை ஆட்டிக்கொண்டு வந்தான். அடுத்தது பதிலாளை நியமிக்கும் பத்தி.

"...என் சார்பாக என் இடத்தில் மணமகனாக நின்று, மணமகளை என் மனைவியாக ஏற்றுக்கொள்ள, மணமகளின் உடன்பிறந்த அண்ணன் திரு..."

பையனின் தலை ஆட்டம் நின்றது. திரை விலகியது. பேச்சியம்மாள் நின்றாள்.

"என்ன படிச்சீங்க? அத இன்னொரு மட்டம் படிங்க."

படித்தேன்.

"பொண்ணோட அண்ணனா? கூடப் பொறந்தவனா?"

"ஆமாம்மா."

"அவன் மாப்பிள்ளையா நிக்கானா?"

"பேருக்குத்தாம்மா. பதிலாளு. சட்டத்துக்காக."

"எதுக்குப் பதிலாளு வைக்கதுன்னு ஒரு வெவஸ்த வேண்டாமா? தங்கச்சி பக்கத்துல அண்ணங்காரன் மாலையும் கழுத்துமா நிப்பானா?"

"அங்க மாலை கெடையாதும்மா."

"அப்ப இன்னும் கேவலம்."

மச்சான் என்று உறவு சொல்ல வேண்டியவன், தங்கைக்கு மாப்பிள்ளையாக நின்று 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொல்வதா? அந்த வாக்கியத்தைத் தமிழில் படித்தால்தான் அது காதில் அறையும். ஆங்கிலத்தில் பையன் கண்ணை ஓட்டியிருக்கிறான், அவ்வளவாக உறைக்கவில்லை. பேச்சியம்மாள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் மட்டும் வந்தாள். கையில் முத்திரைத்தாளில் டைப் அடித்த ஒரு பக்கம். 'எனக்கு இந்தத் திருமணத்தில் விருப்பமில்லை, இதற்கான என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.' கீழே முத்துக்குமாரின் கையெழுத்து.

"இதுல சீல் போடுங்க. அந்த வெள்ளக்கார நோட்டரிக்கு அனுப்பணும்."

"பையன் எங்க?"

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. அவன்தான் போட்டுக் குடுத்தான். அவன் கையெழுத்துதான், பாத்துக்கிடுங்க."

பார்த்தேன். அவன் கையெழுத்துதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"நீங்க போடலன்னா எதுத்தாப்புல ஒருத்தரு ஆளப் பாக்காமலே போடுவாராம்லா. ஜெராக்ஸ் கடைல சொன்னாவ."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்? சட்டம் பேசி அவளை விரட்டினால் அவள் சாலையைக் கடப்பாள். எதிரே சீல் விழும். தாள் அன்றைக்கே மெயிலில் போகும். அந்தப் பெரியவருக்கு 'விருப்பமில்லை' என்று ஒரு தாள் வந்தால், அது அரைகுறைத் தாளாக இருந்தாலும், அவர் கல்யாணத்தை நிறுத்தித்தான் வைப்பார். அவர் அப்படிப்பட்டவர். விசாரித்து முடிப்பதற்குள் கெடு தாண்டிவிடும். ஒரு கல்யாணம் ஜெராக்ஸ் கடையில் முடிந்துபோகும். நான் நியாயமாக நடந்துகொண்டேன் என்று வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். அந்த நியாயத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

சீல் வைப்பதோ, நான் செத்தாலும் நடக்காது.

"தாராளமா போட்டுத் தரேன்," என்றேன். அவள் எதிர்பார்க்கவில்லை. "ஆனா அவன் வரணும். என் முன்னால உக்காரணும்."

"எதுத்தாப்புல கேக்க மாட்டாராமே?"

"கேக்க மாட்டாரு. அதனாலதான் அவரு சீலை ஸ்பெயின்ல திருப்பி அனுப்பிட்டாங்க. உன் தம்பியையே கேளு. அங்க அவரு சீல் செல்லாது. என்னுதுதான் செல்லும்."

இது முக்கால் உண்மை. மீதிக் காலைப் பற்றி எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. அவள் என்னையே பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஷிஃப்ட் விட்டு அவன் வரட்டும். நான் இங்கனயே இருக்கேன்."

இருந்தாள். வருகிற கட்சிக்காரர்களை எல்லாம் வரிசையில் உட்கார வைத்தாள். முகவரி மாற்ற வந்த ஒருவரிடம், "ஆதார் எடுத்துட்டு வந்தியா? அவங்க கத்துவாங்க, மொதல்ல எடுத்து வச்சுக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் அலுவலகம் அன்று நடந்த மாதிரி ஒழுங்காக என்றைக்கும் நடந்ததில்லை. மதியம் சாப்பாட்டைப் பாதி கொடுத்தேன். வேண்டாம் என்றாள். சாப்பிடாதவர்களுக்கு நான் சீல் வைப்பதில்லை என்றேன். சாப்பிட்டாள்.

பையன் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான். இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. அக்காவைக் கீழே டீக்கடைக்கு அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். குரலைத் தாழ்த்தினேன். எனக்கே தொண்டை வலித்தது. அந்த ஒரு பக்கத்தை வார்த்தை வார்த்தையாகப் படித்துக் காட்டினேன்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமா மேடம்."

"இது உன் மனசா?"

அவன் தரையைப் பார்த்தான். "அக்கா நேத்துல இருந்து சாப்பிடல மேடம்."

"அதை நான் கேக்கல. இப்ப சாப்ட்டாச்சு, அதை விடு. லூசியாவக் கட்டிக்க உனக்கு விருப்பமா, இல்லையா?"

"விருப்பந்தான்."

"பின்ன இதுல எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

யாரோ கேட்டுவிடுவார்கள் போல மெல்லச் சொன்னான்: "அவ அண்ணன் மாப்பிள்ளையா நிக்கது எனக்கும்தான் ஒரு மாதிரியா இருக்கு மேடம். லூசியாட்ட சொன்னா, பேப்பர்ல ஒரு பேரு, அதுக்கா இப்படின்னு சிரிப்பா. நம்ம ஆளுங்களக் கிறுக்கன்னு நெனச்சிருவா. அக்காட்ட சரிதான்னு சொன்னா அழுவா. அதான் ரெண்டு பேரு நீட்டுனதுலயும் போட்டுட்டேன்."

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. மனுஷன் எதிராளியிடம் இருந்து தப்பிக்கக் கொடுக்கிற மிக மலிவான பொருள் கையெழுத்து. நல்ல பையன்கள் இன்னும் சீக்கிரமாகக் கொடுப்பார்கள். முன்னே ஜெராக்ஸ் கடையில் ஒரு தாளில் போட்டான், இன்று அதற்கு நேர் எதிரான தாளில் போட்டான். இரண்டும் அவன் கையெழுத்துதான். இரண்டிலும் அவன் இல்லை.

கதவைத் திறந்து அக்காவைக் கூப்பிட்டேன். பழைய குரல் திரும்பி வந்துவிட்டதால் அவள் டீக்கடையில் இருந்தே கேட்டு வந்தாள்.

"பேச்சியம்மா, உனக்கு அந்தப் பொண்ணைப் புடிக்கலையா?"

"யாரு சொன்னா? தங்கமான பிள்ள."

"பின்ன இன்னா தகராறு?"

"அண்ணன் நிக்கக் கூடாது. அம்புட்டுதான்."

"வேற யாராவது நின்னா?"

"நம்ம பக்கத்து ஆளு நிக்கணும். மாப்பிள்ள வீட்டு ஆளு. அங்கன நமக்கு யாரு இருக்கா?"

பையன் மெதுவாகச் சொன்னான். "பிலார் அக்கா இருக்காங்க." பயிற்சிக் காலத்தில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைக்கத் தெரியாமல் ஏதோ சூப் வைத்துக் கொடுத்தவள். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவானாம். கூப்பிடுகிற அர்த்தமும் அவளுக்குத் தெரியுமாம்.

"அவங்க நிக்கட்டும்," என்றாள் பேச்சியம்மாள் உடனே.

இப்போது நான்தான் தயங்கினேன். "மாப்பிள்ளைக்குப் பதிலா பொம்பளையா?"

பேச்சியம்மாள் என்னைக் கேவலமாகப் பார்த்தாள். "மாப்பிள்ள போடுதது ஒரு முடிச்சு. மத்த ரெண்டு முடிச்சும் நாத்தனாதான போடுதா? எந்தக் கல்யாணத்துலயும் பாதிக்கு மேல நாங்கதான கட்டுதோம். நீங்க வக்கீலுதான, இது தெரியாதா?"

சட்டக் கல்லூரியில் எனக்கு இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை.

ஜெனிஃபரை வரவழைத்து ஸ்பெயினுக்குப் போன் போட்டோம். மாப்பிள்ளைக்குப் பதிலாகப் பெண் நிற்கலாமா என்று கேட்டோம். நிற்கலாம், ஒருவரை நியமிக்க வேண்டும் என்றுதான் சட்டம், ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை என்றார். சரி, அண்ணனுக்கு என்ன குறை என்று கேட்டார். ஜெனிஃபர் விளக்கினாள். மச்சான், மாமன், முறை என்று நடுநடுவே தமிழ் வார்த்தைகள் விழுந்துகொண்டே இருந்தன. அவள் முடித்த பிறகும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"இன்னாடி சொல்றாரு?"

"யோசிக்கறாரு மேடம்."

பிறகு நிதானமாகப் பேசினார். ஜெனிஃபர் சொன்னாள்: "அண்ணன் பேரு இந்த நோட்டரியே போட்டதுதானாம். கல்யாணத்தன்னிக்கு லீவுல இருக்கறது அண்ணன்தான்னு பொண்ணு வீட்ல சொன்னாங்களாம். உங்க ஊருல அதுக்கு இன்னா அர்த்தம்னு கேக்க எனக்குத் தோணல, கேக்கறது என் வேலைதான்னு சொல்றாரு. படிச்சுக் காட்டினதுக்கு உங்களுக்கு நன்றி சொல்றாரு."

அப்படிச் சொல்ல ஒரு நோட்டரிக்குத் தைரியம் வேண்டும். நம் ஆட்கள் என்றால் டைப்பிஸ்ட் மேல் பழி போட்டிருப்பார்கள்.

சாயங்காலம் லூசியாவும் போனில் வந்தாள். பையன் பயந்த மாதிரி அவள் சிரிக்கவில்லை, கோபப்பட்டாள். அண்ணன் நின்றால் மாப்பிள்ளை வீட்டுக்கு மரியாதை என்று நினைத்து அவள் அவனைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். அண்ணனுக்கோ மீன் பிடிக்கப் போக வேண்டுமாம். முதலிலேயே சொல்வதற்கு என்ன என்று பையனை அவள் வாங்கிய வாங்கில், ஜெனிஃபர் பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திக்கொண்டாள். மொழிபெயர்க்கத் தேவையும் இல்லை. பேச்சியம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா கேளு தாயி," என்று தமிழிலேயே ஊக்கம் கொடுத்தாள்.

'விருப்பமில்லை' தாளை அவன் கையாலேயே கிழிக்கச் சொன்னேன். புதிய பத்திரம் வந்தது. மறுபடி கதவைச் சாத்தித் தனியாகப் படித்தேன், தனியாகக் கேட்டேன். இந்தத் தடவை 'ஆமா' என்பதை என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். படித்துக் காட்டினேன், புரிந்துகொண்டார், தனியாக விசாரித்தேன், தன் மனதாரச் சம்மதிக்கிறார் என்று நான் தீர்மானிக்கிறேன் என்று என் பெயரில் எழுதி, அதற்குக் கீழேதான் சீல் வைத்தேன். சீல் வைக்கும்போது கை கொஞ்சம் கனமாகவே இருந்தது. இருக்கத்தான் வேண்டும். அப்புறம் கோட்டையில் ஒரு சான்று, வெளியுறவுத் துறையில் ஒரு சான்று என்று அது போன பாதை பெரிய கதை. அதை அலைந்து நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது.

கல்யாணம் ஸ்பெயினில் நடந்தது, பார்த்தது என் அலுவலகத்தில். நோட்டரி கல்யாணம் என்று வந்தவர்களை எல்லாம் விரட்டின அதே அறையில் ஜெனிஃபரின் லேப்டாப்பை மேஜைமேல் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். ஜெனிஃபர் லட்டு வாங்கி வந்திருந்தாள். பையன் பட்டு வேட்டியில் வியர்த்துக்கொண்டிருந்தான். திரையில் லூசியா, பக்கத்தில் மாப்பிள்ளை இடத்தில் பிலார். கறுப்பு அங்கி இல்லை, சாதாரணக் கோட்டில் அந்தப் பெரியவர். அவர் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். படித்தார், படித்தார், படித்துக்கொண்டே இருந்தார்.

"ஐயரே தேவல போலிருக்கு," என்றாள் பேச்சியம்மாள்.

"பேசாம கேளு," என்றேன்.

"என்ன பாஷைன்னு கேக்க?"

முதலில் லூசியாவைக் கேட்டார். அவள் சம்மதம் சொன்னாள். அடுத்து பிலாரின் பக்கம் திரும்பினார். முத்துக்குமாரின் சார்பாக, லூசியாவை அவர் மனைவியாக ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்பதை ஜெனிஃபர் எங்களுக்கு மெல்லச் சொன்னாள். பிலார் நிமிர்ந்து நின்று, வாயைத் திறந்தாள்.

அதற்குள் இந்தப் பக்கம் நாற்காலி சரிந்தது. முத்துக்குமார் எழுந்து நின்று, திரையைப் பார்த்து, மாடி அதிரச் சொன்னான்:

"சம்மதம்."

பேச்சியம்மாள் அவன் வேட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"ஏல, நீ எதுக்கு எந்திரிக்க? அதுக்குத்தான அங்கன ஆளு நிக்கி. உக்காரு."